வருஷக் கடைசி இராத்திரியின் பாட்டுப் போட்டி

டிசம்பர் மாதம் 31ஆம் தேதி பொழுது சாய்ந்ததும் ஜப்பான் தேசத்து வீடுகளில் நடைபெறுகிற காரியங்கள் ஊருக்கு ஊர் அதிகம் வேறுபடுவதில்லை. வீட்டை ஒழித்துத் தூசு தட்டிக் கழுவும் வேலைகள் அதற்குள் முடிந்திருக்கும். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் ரயிலேறித் தாய் தந்தையரிடம் வந்து சேர்ந்திருப்பார்கள். கூடத்தின் நடுவே, அடியில் கணப்பு வைத்து மேலே மெத்தைப் போர்வை விரித்த தாழ்ந்த மேஜையைச் சுற்றி, கால்களைப் போர்வைக்குள் நீட்டிக்கொண்டு, பாட்டனார் முதல் பேரக் குழந்தை வரையில் எல்லோரும் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்வீட் என்னும் தானியத்தின் மாவைப் பிசைந்து மெல்லிய இழைகளாக அறுத்துச் செய்த ஸோபா என்ற உணவு கிண்ணங்களில் ஆவி பறக்க வரும்; இழை நீளமாக இருப்பதால் ஆயுள் நீளும் என்றும், பல்லில் பட்டதும் அறுந்துபோவதால் கழிகிற வருஷத்தின் பீடைகளும் அவ்வாறே அறுந்துபோகும் என்றும் அந்த ஜனங்கள் சொல்லுவார்கள். நள்ளிரவை ஒட்டிப் புத்த ஆலயங்களில் மணியை நூற்றெட்டு முறை அடிப்பார்கள். மனிதனைப் பீடிக்கும் கிலேசங்கள் நூற்றெட்டு என்ற கணக்குக்கு ஏற்ப வந்த வழக்கம் அது. ஸோபாவுக்கும் மணிக்கும் இடையில் உள்ள அந்த நீண்ட இராப்பொழுதை, இரண்டு மூன்று தலைமுறைகளாக, ஒரு பாட்டுப் போட்டி தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது.

கோஹாக்கு உத்தா கஸ்ஸென் என்பது அதன் பெயர். செந்நிறத்தாரும் வெண்ணிறத்தாரும் பாட்டினால் பொருதும் யுத்தம் என்று பொருள் சொல்லலாம். என்.ஹெச்.கே. என்ற பொது ஒலிபரப்பு ஸ்தாபனம் அதை நடத்துகிறது. பாடகிகள் எல்லோரும் செவ்வணி. பாடகர்கள் எல்லோரும் வெள்ளணி. ஓர் அணியிலிருந்து ஒருவர், மற்றதிலிருந்து ஒருவர் என்று மாறி மாறி வந்து பாட, முடிவில் நடுவர்கள் தீர்ப்புச் சொல்ல, வென்ற அணிக்குக் கொடி அளிக்கப்படும். உலகத்தின் பல பாகங்களிலும் இன்று வாரக்கணக்காக நடந்து ஓர் இறுதி இரவில் முடிகிற டெலிவிஷன் பாட்டுப் போட்டிகளைப் பார்த்துப் பழகினவர்களுக்கு இது விசித்திரமாகவே படும். ஏனெனில், இதற்கு முன்சுற்றுக்கள் இல்லை. வென்றவருக்குப் பணமுடிப்பு இல்லை. சென்ற வருஷம் எந்த அணி வென்றது என்று கேட்டால் கண்கொட்டாமல் பார்த்திருந்தவர்களே சற்று யோசித்துத்தான் பதில் சொல்லுவார்கள். இங்கே போட்டி என்பது ஒரு வியாஜம். ஒரு வருஷம் முழுவதும் ஒரு தேசம் பாடின பாட்டுக்களை, அந்த வருஷம் கையைவிட்டுப் போகும் தறுவாயில், எல்லோருமாக ஒரே நேரத்தில் மறுபடி கேட்டுவிட்டு எழுந்திருப்பதற்கு அது வழி செய்தது. அதன் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த அபிப்பிராயம் எனக்கு உறுதிப்படுகிறது.

அந்தச் சரித்திரம் தோல்வியில் தொடங்குகிறது. 1945ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி ஜப்பானிய ஜனங்கள் தங்கள் சக்கரவர்த்தியின் குரலை முதன்முறையாக ரேடியோவில் கேட்டார்கள். கேட்ட செய்தி சரணாகதி. அதுவரையில் விமானத் தாக்குதல் எச்சரிக்கையையே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த ரேடியோப் பெட்டிக்கு இனி என்ன வேலை கொடுப்பது என்று ஒலிபரப்பு நிலையத்தார் யோசிக்க வேண்டியதாயிற்று. டோக்கியோவில் பெரும்பகுதி வெந்து சாம்பலாகியிருந்தது. அரிசி கிடைப்பது அரிதாயிருந்தது. ஒலிபரப்பு மாளிகையிலேயே அந்நிய ராணுவ அதிகாரிகள் அமர்ந்து ஒவ்வொரு நிகழ்ச்சியின் எழுத்துப் பிரதியையும் பார்வையிட்டு வந்தார்கள். இந்த நிலையில், வருஷக் கடைசி இரவுக்கு ஏதேனும் புதுமையாகச் செய்யவேண்டும் என்று கோண்டோ ட்ஸுமோரு என்ற இளம் நிகழ்ச்சி அமைப்பாளர் எண்ணினார். வாள்வித்தைப் பயிற்சியில் மாணவர்களைச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு கட்சிகளாகப் பிரித்து மோதவிடும் முறை அவருக்கு நினைவு வந்தது. வாளுக்குப் பதில் பாட்டு, ஒரு பக்கம் ஸ்திரீகள், மறுபக்கம் புருஷர்கள், இருவருக்கும் சமமான எண்ணிக்கை, சமமான நேரம் என்று அவர் திட்டமிட்டார். ஸ்திரீகளுக்கு வோட்டுரிமை அந்த மாதத்தில்தான் சட்டமாகியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆணும் பெண்ணும் சரிசமானமாக எதிரெதிரே நின்று பாடுவது அன்றைக்கு எவ்வளவு புதிய காட்சியாகத் தோன்றியிருக்கும் என்பது விளங்கும்.

ராணுவ அதிகாரிகள் பெயரைப் பார்த்துவிட்டுத் தடை சொன்னார்கள். தோற்றுப்போன தேசம் மறுபடியும் யுத்தம் என்ற பேச்சை எடுப்பதாவது என்பது அவர்களுடைய ஆட்சேபம். யுத்தம் என்பதைப் பந்தயம் என்று மாற்றின பிறகே அனுமதி கிடைத்தது. இவ்விதமாக 1945 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, மேடையில் ஆண்வேஷம் போட்டுப் பிரசித்தி பெற்ற மிஸுனோயே டாக்கிகோ செவ்வணிக்கும், ஹாஸ்ய நடிகர் ஃபுருகாவா ரோப்பா வெள்ளணிக்கும் அறிவிப்பாளர்களாக நிற்க, ஒரு சங்கீதப் பந்தயம் ரேடியோவில் ஒலித்தது. வாத்திய இசையும் அதில் இருந்தது. அப்போது தேசமெங்கும் முணுமுணுக்கப்பட்டு வந்த ஆப்பிள் பாட்டும் இருந்தது. அந்த ஒரு தடவையோடு அதை நிறுத்திக்கொண்டார்கள்.

சிவப்பும் வெள்ளையும் கோண்டோ புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானை இரண்டாகப் பிளந்த பெரும்போரில் டைரா குலத்தார் செங்கொடியும் மினாமோட்டோ குலத்தார் வெண்கொடியும் பிடித்திருந்தார்கள். 1185இல் டான்-நோ-உரா என்ற கடற்போரில் செங்கொடி முழுகிப்போயிற்று. அந்தக் கதையைக் கண்ணிழந்த பாணர்கள் தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார்கள். பிற்காலத்தில் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் பிள்ளைகளைச் சிவப்புத் தொப்பி, வெள்ளைத் தொப்பி என்று இரு பிரிவாக்கி ஓடவிடுவது வழக்கமாயிற்று. ஆகவே, எந்த ஜப்பானியனுக்கும் இவ்விரு நிறங்களைக் கண்டவுடன் தன் பள்ளி மைதானம் ஞாபகம் வரும். ஒரு தேசத்துப் பெரியவர்கள் அனைவரும் வருஷத்தில் ஓர் இரவு குழந்தைகளைப் போல் கட்சி கட்டிக்கொண்டு களித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பந்தயம் நடந்து மூன்று வாரத்துக்குள், 1946 ஜனவரி 19ஆம் தேதி, அதே நிலையத்தார் மற்றொரு காரியம் செய்தார்கள். பாடவேண்டும் என்ற ஆசையுள்ள யாரும் வந்து ஒலிபெருக்கியின் முன் நின்று பாடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். நோடோ ஜிமான் என்ற அந்த நிகழ்ச்சியில் தேறியவருக்கும் தேறாதவருக்கும் தீர்ப்பு மணியோசையாகக் கிடைக்கும் என்ற வழக்கம் பிறகு ஏற்பட்டது: ஒற்றை மணி என்றால் போகலாம், மணிகள் வரிசையாகக் கலகலவென்று ஒலித்தால் வெற்றி. 1948இல் ஸைபீரியச் சிறைமுகாமிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர் அங்கே வந்து, முகாமில் தங்களுக்குள் பாடி வந்த பாட்டு ஒன்றைப் பாடினார். பனியில் அடைபட்டிருந்த லட்சக்கணக்கான பேரில் தங்கள் மகனும் இருப்பானோ என்று ஏங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்தப் பாட்டைக் கேட்டு உருகின. பாட்டு இசைத்தட்டாயிற்று. அதற்கு மெட்டமைத்தவர் யார் என்று பாடியவருக்கே தெரியாது. அந்த மெட்டை அமைத்த யோஷிடா தாதாஷி என்ற வேறொரு சிப்பாய் அதே வருஷம் தாமும் விடுதலையாகி ஊர் திரும்பி, பிற்பாடு ஜப்பானியத் திரையிசைக்கும் மெல்லிசைக்கும் பேர்பெற்ற இசையமைப்பாளராய் விளங்கினார்.

நோடோ ஜிமானின் ஆரம்ப நாட்களில் யோகோஹாமா நகரத்து மீன்கடைக்காரர் ஒருவருடைய மகள், ஒன்பது வயதுச் சிறுமி, பாட வந்தாள். பெரியவர்கள் பாடும் பாட்டை அந்தப் பெரியவர்களுக்குரிய பாவத்தோடேயே பாடினாள். பாட்டு முடிந்தது, மணி அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை, பலவும் அடிக்கவில்லை. குரல் நன்றாயிருந்தாலும் குழந்தைக்கு அடுத்த பாட்டல்ல என்று நடுவர்கள் கருதினார்களாம். அவள் பெயர் பின்னால் மிஸோரா ஹிபாரி என்று உலகறிய விளங்கிற்று. 1963 முதல் 1972 வரை தொடர்ந்து பத்து வருஷங்கள் கோஹாக்குவில் செவ்வணியின் கடைசிப் பாட்டைப் பாடும் கௌரவம் அவளுடையதாயிருந்தது.

கோஹாக்கு என்ற பெயரோடு இன்றைய போட்டி பிறந்தது 1951 ஜனவரி 3ஆம் தேதி. அந்நிய ஆதிக்கம் இன்னும் முடியவில்லையாயினும், யுத்தம் என்ற பெயருக்கு இப்போது யாரும் தடை சொல்லவில்லை. ஒலிபரப்பு மாளிகைக்குள்ளேயே ஒரு மணி நேரம். அணிக்கு ஏழு பேர். முடிவில் செவ்வணியில் வாட்டானபே ஹமாகோ ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரத்துச் சீனர் வீதியைப் பற்றிய பாட்டைப் பாடினாள். வெள்ளணியில் ஃபுஜியாமா இச்சிரோ நாகஸாகியின் மணியைப் பற்றிய பாட்டைப் பாடினார். அணுகுண்டு விழுந்து ஐந்தரை வருஷமே ஆகியிருந்த ஒரு தேசத்தில், வென்றவர் நாட்டு நகரம் ஒன்றும் வெந்துபோன தங்கள் நகரம் ஒன்றும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாட்டாகி ஒலித்தன. அன்று வெள்ளணி வென்றது. அந்த வெற்றியைக் காட்டிலும், அவ்விரு பாட்டுக்களும் அண்டை அண்டையாக நின்றதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மூன்று தடவை வரையில் அது புத்தாண்டுக் கொண்டாட்ட நிகழ்ச்சியாகவே ஜனவரியில் நடந்தது. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி என்.ஹெச்.கே. டெலிவிஷன் தொடங்கியது, அன்றைக்குச் சந்தா கட்டியிருந்தவர்கள் தேசம் முழுவதிலும் 866 பேர். இனிப் போட்டியை ஜனங்கள் கண்ணாலும் காணவேண்டுமானால் பெரிய அரங்கம் தேவை. ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் டோக்கியோவின் பெரிய அரங்கங்கள் எல்லாம் புத்தாண்டு நாடகங்களுக்கும் கச்சேரிகளுக்கும் முன்னதாகவே பேசப்பட்டிருக்கும். காலியாகக் கிடைத்தது டிசம்பர் 31ஆம் தேதி இரவுதான். இந்த ஒரு சௌகரியத்தை உத்தேசித்து, நான்காவது போட்டியை அதே 1953ஆம் வருஷத்துக் கடைசி இரவில் நிச்சிகெக்கி அரங்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த வருஷத்துக்கு மட்டும் இரண்டு போட்டிகள். பின்னால் ஆசாரம்போல் உறைந்துவிட்ட ஒரு தேதி அரங்க வாடகைக் கணக்கினால் வாய்த்ததென்று சொன்னால் நம்புவது கடினம். எனினும் நடந்தது அதுவே. கோண்டோவின் முதல் பந்தயம் நடந்த அதே இரவுக்குப் போட்டி தானாகவே திரும்பி வந்து சேர்ந்தது.

அதன் பிறகு பெட்டிகள் பெருகின. தெருமுனையில் வைத்த டெலிவிஷன் முன் கூட்டமாக நின்று பார்த்தவர்கள், 1959இல் பட்டத்து இளவரசரின் விவாகத்தைப் பார்க்கும் ஆவலில் தவணைக்குப் பெட்டி வாங்கினார்கள். 1962இல் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. மறு வருஷம், 1963 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, டோக்கியோ தகராஸுகா அரங்கத்தில் நடந்த பதினான்காவது போட்டியை, டோக்கியோ வட்டாரக் கணிப்பின்படி, பார்த்தவர்கள் நூற்றுக்கு 81.4. அந்த எண்ணை இன்றளவும் கோஹாக்கு மறுபடி எட்டவில்லை. ஸாகாமோட்டோ க்யூ பாடிய பாட்டு ஒன்று அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் அந்த ஜூன் மாதம் முதலிடத்தில் நின்றிருந்தது. அடுத்த அக்டோபரில் ஒலிம்பிக் பந்தயம் டோக்கியோவுக்கு வரவிருந்தது. சம்பிரதாயமாக இறுதியில் பாடும் பிரிவுப் பாட்டை அன்று விட்டுவிட்டு, ஒலிம்பிக்குக்காக இயற்றிய கும்மிப் பாட்டை எல்லோருமாகப் பாடினார்கள். வெந்து கிடந்த நகரத்தில் கோண்டோ யோசனை செய்த நாளுக்கும் அந்த இரவுக்கும் இடையே பதினெட்டே வருஷங்கள்.

பிரிவுப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மெட்டு ஸ்காட்லாந்து தேசத்தது; 1881இல் ஜப்பானியப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் சொந்த வார்த்தைகளோடு இடம்பெற்று, படிப்பு முடிந்து பிரியும் மாணவர்கள் பாடும் பாட்டாக ஊன்றிவிட்டது. கோஹாக்குவின் முடிவில் இரு அணியினரும் ஒன்றாய் நின்று அதைப் பாடுகையில் கையசைத்து நடத்திவந்தவர், முதல் போட்டியில் நாகஸாகியின் மணியைப் பாடின அதே ஃபுஜியாமா இச்சிரோ. 1992ஆம் வருஷம் வரையில், தம் எண்பத்தோராம் வயதிலும், அவர் அந்தப் பணியை விடவில்லை.

பாடகர்களுக்கு இந்த மேடை எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1969 முதல் 2005 வரையில், வருஷத்தின் சிறந்த இசைத்தட்டுக்கான பரிசளிப்பையும் வேறொரு நிலையத்தார் அதே இரவில் கோஹாக்குவுக்குச் சற்று முன்னதாக நடத்தினார்கள். பரிசளிப்பு நடந்த இம்பீரியல் அரங்கத்திலிருந்து தகராஸுகா அரங்கம் நடந்துபோகிற தூரம். ஆனால் 1973இல் கோஹாக்கு ஷிபுயாவில் கட்டிய என்.ஹெச்.கே. மண்டபத்துக்கு மாறியதும், பரிசு வாங்கிக் கண்ணீர் வடித்த பாடகி அந்தக் கண்ணீர் உலர்வதற்கு முன்பே காரில் ஏறி, நகரத்தின் குறுக்கே விரைந்து, ஒன்பது மணிக்குத் திரை உயரும்போது செவ்வணி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. நவம்பர் மாதத்தில் அழைக்கப்பட்டோர் பட்டியல் வெளியாகும் நாளில் பத்திரிகைகள் புதிதாய் நுழைந்தவர் யார், விடுபட்டவர் யார் என்று எழுதும். ஒருமுறை பெயர் வந்துவிட்டால், சொந்த ஊரில் உறவினர் தலைநிமிர்ந்து நடப்பார்கள். கிட்டாஜிமா ஸாபுரோ என்ற வித்வான் ஐம்பது தடவை பாடிவிட்டு, 2013இல் தாமாகவே விடைபெற்றுக்கொண்டார்.

விடுபடுவதின் வேதனையும் அதற்கு ஈடானது. ஹிபாரியின் தம்பி குண்டர் கூட்டத்தாரோடு தொடர்புடையவர் என்ற பெருங்கூச்சல் 1973இல் எழுந்து, ஊர் மண்டபங்கள் அவளுக்குக் கதவடைத்தபோது, அந்த வருஷக் கோஹாக்குவும் அவளை அழைக்கவில்லை. தம்பியின் குற்றத்துக்கு அக்காளின் குரலைத் தண்டித்தது நியாயமாகாது என்பது என் துணிபு. 1979இல், முப்பதாவது போட்டிக்கு, விசேஷ விருந்தாளியாக அவளை வரவழைத்தார்கள், வந்து பாடினாள், அணியில் ஒருத்தியாகப் பழையபடி சேரவில்லை. 1984இல் மியாகோ ஹாருமி என்ற பாடகி தொழிலைவிட்டு விலகுமுன் அந்த மேடையில் தன் கடைசிப் பாட்டைப் பாடினாள். சபையோர் மறுபடியும் பாடு என்று ஆர்ப்பரிக்க, அவளோ அழுதுகொண்டு நிற்க, வெள்ளணியின் அறிவிப்பாளர் தமக்கு ஒரு நிமிஷம் தரும்படி சபையைக் கேட்டுக்கொண்டு அவளருகே சென்று வேண்டினார். எதிரணிக்காரர் இப்படி முறையிடுவது எந்தப் போட்டியில் நடக்கும்? அன்று பார்த்தவர்கள் நூற்றுக்கு 78.1.

தீர்ப்புச் சொல்லும் முறையையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மல்யுத்த வீரர், நாவலாசிரியர், நடிகை என்று அந்த வருஷம் புகழ்பெற்றவர்கள் நடுவராக அமர்ந்திருப்பார்கள். மண்டபத்தில் உள்ள ஆயிரக்கணக்கான ரசிகர்களும் தங்கள் கருத்தை நிறத்தினால் காட்டுவார்கள்: கையில் கொடுத்ததைச் சிவப்பாகவோ வெள்ளையாகவோ திருப்பி உயர்த்திப் பிடிக்க வேண்டும். மேல்மாடி வரையில் விரிந்து அசையும் அந்த இரு நிறங்களை எண்ணிச் சொல்வது யார்? 1980களில் இந்த வேலைக்கு ஜப்பானியக் காட்டுப் பறவைச் சங்கத்தாரை வரவழைத்தார்கள். ஏரிகளில் வந்திறங்கும் வாத்துக் கூட்டங்களையும் வானத்தில் திரளும் பறவைகளையும் ஒரு பார்வையில் கணக்கெடுத்துத் தேர்ந்தவர்கள் அவர்கள். மேடையில் வரிசையாக நின்று, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, சுட்டெண்ணும் சிறு கருவியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ரசிகர்களை எண்ணினார்கள். ஒரு வித்தையில் தேர்ந்தவர்களுக்குத் தேசத்தின் முன் கிடைத்த மரியாதை அது. இப்போது வீட்டிலிருந்தபடியே பொத்தானை அமுக்கி வோட்டுப் போடுகிறார்கள். சௌகரியம்தான், ஆனால் அந்தத் தொலைநோக்கிகளைக் குழந்தைகள் எவ்வளவு ஆசையாய் எதிர்பார்த்திருப்பார்கள்!

சக்கரவர்த்தி ஷோவா நோய்ப்பட்டிருந்த 1988இல் ஊரெங்கும் விழாக்களை நிறுத்தி அடக்கமாக இருந்தார்கள், எனினும் கோஹாக்கு நடந்தது. அவர் மறைந்த 1989இல், ஒரு யுகம் முடிந்ததே, இந்தப் போட்டியையும் அதனோடு முடித்துவிடலாமா என்ற பேச்சு ஸ்தாபனத்துக்குள்ளேயே எழுந்தது. முடிக்காமல், மாலையிலேயே தொடங்கி இரண்டு பகுதியாக நீட்டினார்கள். அந்த வருஷம் இரண்டாம் பகுதியைப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 47. ஜூன் மாதத்தில் ஹிபாரியும் காலமாகியிருந்தாள். பிள்ளைகள் கேட்கும் பாட்டு வேறு, தாய் தந்தையர் கேட்கும் பாட்டு வேறு, பாட்டனார் கேட்கும் பாட்டு வேறு என்று ஆகி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெட்டி வந்துவிட்ட காலம் அது. 2003இல் முன்னாள் சுமோ மல்லரான அகெபோனோ குத்தும் உதையும் கலந்த சண்டைப் போட்டியில் இறங்கியதை வேறொரு நிலையம் காட்டியபோது, ஏறத்தாழ நான்கு நிமிஷ நேரம் கோஹாக்குவைவிட அதைப் பார்த்தவர்களே அதிகம். 2023இல் பிற்பகுதியின் எண் 31.9.

ஆயினும் இந்தக் காலத்திலேயே சில இரவுகள் மறக்கவொண்ணாதவை. நாகாபுச்சி ட்ஸுயோஷி என்ற பாடகர் 1990இல், இரு ஜெர்மனிகளும் ஒன்றாகி ஏறத்தாழ மூன்று மாதத்தில், பெர்லினிலிருந்து பாடினார். 2002இல் நாகாஜிமா மியூகி, மலையைக் குடைந்து கட்டிய குரோபே மின்நிலையத்தின் சுரங்கத்துக்குள் கடுங்குளிரில் நின்று பாடினாள். அந்தச் சுரங்கத்தை வெட்டிய தொழிலாளரைப் போன்ற பெயர் தெரியாத மனிதர்களைப் பற்றிய தொடர் ஒன்றின் பாட்டு அது. 2011 மார்ச்சு 11ஆம் தேதி பூகம்பமும் கடல்கோளும் வடகிழக்குக் கரையை அழித்தபின், வருஷக் கடைசியில் அதே நாகாபுச்சி, இஷினோமாக்கியில் நீரும் நெருப்பும் சேர்ந்து பாழாக்கிய ஓர் ஆரம்பப் பள்ளியின் மைதானத்தில் நின்று பாடினார். அன்று இரண்டு அணிகளில் எது வென்றது என்பதை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

2019இல் எழுபதாவது போட்டியில், இறந்து முப்பது வருஷமான ஹிபாரியின் குரலையும் உருவத்தையும் யந்திர அறிவினால் புனைந்து மேடையேற்றினார்கள். கேட்டுக் கண்ணீர் விட்டவர்களும் உண்டு, மாண்டவரை வேலை வாங்குவதா என்று மனம் கசந்தவர்களும் உண்டு. நான் பின்னவர் கட்சி. பாடாத பாட்டை அவள் வாயில் வைத்ததை என்னால் ஒப்ப முடியவில்லை. 2021 முதல் செவ்வணிக்கு ஓர் அறிவிப்பாளர், வெள்ளணிக்கு ஓர் அறிவிப்பாளர் என்ற பாகுபாடு நீங்கிற்று. ஆண், பெண் என்று பிரித்து நிறுத்துவதே இக்காலத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் பலமாக எழுந்திருக்கிறது. சமத்துவத்தைக் காட்டுவதற்காக 1945இல் கோண்டோ போட்ட கோட்டை, சமத்துவத்தின் பேராலேயே இன்று அழிக்கச் சொல்லுகிறார்கள். அழித்தால் அவர் ஆட்சேபிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அணிகளை வேறு எவ்விதமாக வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளட்டும். பாட்டனார் பாட்டையும் பேரன் பாட்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வைப்பதையும், அதை அந்த ஓர் இரவில் நேரடியாகப் பாடச் செய்வதையும் மட்டும் ஸ்தாபனத்தார் கைவிடக் கூடாது.